மேலறையில் சொன்ன பெயர்கள்

பெலீஸ்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள மாமிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். காய்ச்சல், வயிற்றோட்டம் ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி? மாமா சீனிக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா, அல்லது நான் இல்லை என்ற துணிவில் கேக் சாப்பிடுகிறாரா?

எங்கள் முகாம் காட்டோரம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தொலைபேசி எடுபடாது. சனிக்கிழமைகளில் சாமான் வாங்க ஒரு ட்ரக் பட்டினத்துக்குப் போகும், அதில் கடிதம் கொடுத்துவிடலாம். இரண்டு கிழமையில் கெல்சென்கிர்ச்சன் வந்துவிடும் என்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் எழுதிக் கதைப்பது புதிதில்லைத்தானே. பதின்மூன்று வயதில் ஜேர்மனிக்கு உங்களிடம் வந்து, முதல் குளிர்காலம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவள் நான். குசினி மேசையில் துண்டு எழுதி வைப்பேன். வேலைக்குப் போகுமுன் நீங்கள் பதில் எழுதி வைப்பீர்கள். அப்பாவின் அக்கா ஒருவர் எனக்கு இருக்கிறார் என்று அந்தத் துண்டுகளில்தான் உணர்ந்தேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அளவையாளர்கள் நாங்கள் மூன்று பேர். நானும் லாராவும் நடாலியும். ஆயிரம் வருடத்துக்கு முன்பு மாயா மக்கள் தங்கள் கடவுள்களுக்குப் படையல் வைத்த குகை ஒன்றை லேசர் கருவியால் அளந்து வரைபடம் எடுக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது இங்கே சட்டம். எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி பீலிக்ஸ். ஐம்பது வயது, மாயா இனத்தவர், கட்டையான ஆள், ஓயாத வாய்.

குகை வாயிலில் இருந்தே ஆறு வெளியே வருகிறது. நீந்தித்தான் நுழைய வேண்டும்.

"நீந்தத் தெரியாதவை ஆர்?" என்று பீலிக்ஸ் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். "என்ன வேலை செய்யிறவர் உன்ர தகப்பன்?" என்றார். மீன்பிடிகாரர் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வௌவால்கள் கிளம்பின. "நல்லது. நீந்தத் தெரிஞ்சவைதான் இங்க வழி மாறிப் போறவை. நீ என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு வா." (இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

உள்ளே கொஞ்சத் தூரம் போனதும் தலைவிளக்குகளை அணைக்கச் சொன்னார். லாரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கவில்லை. நிலத்துக்குக் கீழே இருட்டில் இருந்து பழகியவள்தானே.

சாப்பாடு நல்லது. சோற்றையும் சிவப்பு அவரையையும் தேங்காய்ப்பாலில் அவிக்கிறார்கள். உறைப்புத்தான் காணாது.

மாமாவுக்கும் என் அன்பு.
லவினியா


கெல்சென்கிர்ச்சன்
18 பெப்ரவரி 2025

என் செல்ல லவினியாவுக்கு,

மடு மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். உன் கடிதம் நேற்று வந்தது. எனக்குச் சுகம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் கதைக்கும். மாமாவின் சீனியை நீயே டொக்டரிடம் கேட்க வேண்டியதுதான், என்னிடம் அவர் உண்மை சொல்வதில்லை.

கடிதத்தை அவர் என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நிலக்கரி ஊரில வளர்ந்த பிள்ளை. இஞ்ச எல்லாச் சுரங்கத்தையும் மூடிப்போட்டாங்கள் எண்டு அங்க போய்ப் பூந்திட்டாள்" என்று மேல்வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த மனுசன் துருக்கிக்காரர். இவருடைய ஜேர்மன் அவருக்கு விளங்கியதோ தெரியாது, தலையாட்டினார்.

ஆனி முடிவோடு எனக்கு வேலை முடிகிறது. ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்த அன்ட்ராக் சரி வந்துவிட்டது. முதியோர் இல்லக் குசினியில் கிழங்கு உரித்தது போதும்.

இனி நான் எழுதப்போவதை ஆறுதலாக வாசி. வவுனியாவில் ஒரு இல்லம் இருக்கிறது. 2009 சண்டையில் ஆட்களைத் தவறவிட்டு, தங்கள் பெயரையும் சொல்ல ஏலாமல் இருப்பவர்களை அங்கே வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அங்கே போனபோது ஒரு ஆளைக் கண்டிருக்கிறார். அறுபது வயது இருக்கும். கதைப்பதில்லை. நெற்றியும் காதும் உன் அப்பா சில்வெஸ்டரைப் போலவே இருக்கிறதாம். படம் எடுத்து அனுப்பினார். ஒரு பிரதி இதோடு வைக்கிறேன். எனக்கு என் தம்பி போலத்தான் தெரிகிறது. ஆனால் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது நீ பிறக்க முன்பு. கடைசிவரை அவனோடு இருந்தவள் நீ. நீ பார்த்துச் சொல்.

வேலை முடிந்ததும் ஊருக்குப் போக யோசிக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை. அங்கேயே இருந்து தேடப் போகிறேன். இந்த ஆள் அவனில்லை என்றால் அடுத்த இல்லம், அதற்கடுத்தது. மாமாவுக்கு இன்னும் மூன்று வருட வேலை இருக்கிறது. முடித்துக்கொண்டு வரட்டும்.

மாதப் பூசைக்கு வழக்கம்போல உன் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். முன்பு பாதர் தானே வாசிப்பார், இப்போது கோயிலில் உதவிக்கு வரும் பிள்ளை சுபானியிடம் கொடுத்துவிட்டார். முதலில் உயிரோடு இருப்பவர்களின் நலனுக்காக, பிறகு இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அவள் நன்றாக நிறுத்தி வாசிக்கிறாள். நலனுக்கான பட்டியலில் அப்பாவின் பெயர் தெளிவாகக் கேட்டது. உன் அம்மாவின் பெயர் மற்றதில்.

மிளகாய்த்தூள் தனிப் பார்சலில் வருகிறது.

உன் மாமி
பேர்பெச்சுவா


பெலீஸ்
8 மார்ச் 2025

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். கால் விரலிடுக்கில் மட்டும் ஈரத்தால் தோல் உரிகிறது, மருந்து பூசுகிறேன். உங்களுக்குக் குளிர் விட்டுவிட்டதா?

மிளகாய்த்தூள் வந்தது. பார்சலைப் பிரித்துப் பார்த்த சுங்க அதிகாரி தும்மித் தும்மி ஒட்டித் தந்ததாக ட்ரக் ஓட்டுநர் சொன்னார். பீலிக்ஸ் ஒரு கரண்டி எடுத்து அவரையில் போட்டுச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை நாங்கள் கண்டது அதுதான் முதல் தடவை. பிறகு, "உன்ர மாமிக்கு என்னில என்ன கோபம்?" என்று கேட்டார். அடுத்த நாளும் வந்து கேட்டுப் போட்டுக்கொண்டார்.

வேலை மெதுவாகத்தான் நகருகிறது. கருவியை நீர் புகாத பெட்டியில் வைத்து, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் நடக்க வேண்டும். சில இடத்தில் நெஞ்சளவு தண்ணீர், சில இடத்தில் கழுத்தளவு. ஒரு இடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே கழுத்தை மட்டும் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடக்க வேண்டும். அங்கே பீலிக்ஸ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தருவார். "வலக்காதை முதல் குடு. இனித் தாடை. மூச்சை விடு, விட்டாத்தான் மெலிவாய்." லாரா நடுவில் சிரித்துவிட்டாள், சிரித்ததால் சிக்கிக்கொண்டாள். "சிரிக்கிறவை இஞ்சயே இருக்கவேண்டியதுதான், ஆயிரம் வருசத்துக்குப் பிறகு ஆரும் வந்து அளப்பினம்" என்றார்.

ஆறு முடிகிற இடத்தில் பாறையில் ஏறினால் பானைகள் தொடங்குகின்றன. படையல் வைத்த பானைகள். பெரும்பாலானவற்றில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள். மக்கள் அவற்றை வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்கின்றன. மேலே ஒரு பெரிய உலர்ந்த அறை இருக்கிறதாம். அங்கே மனித எலும்புகளும் உண்டு. மழை தொடங்குமுன் கடைசியாக அதை அளக்கப் போகிறோம்.

படம் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாமாவிடம் கேக்கைப் பற்றிக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

அன்புடன்
லவினியா


கெல்சென்கிர்ச்சன்
24 மார்ச் 2025

என் செல்ல லவினியாவுக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். எல்லாரும் சுகம். கால் விரலுக்கு வேப்பெண்ணெய் பூசு. அங்கே இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய்.

பானை பற்றி எழுதினாய். பாறை பற்றி எழுதினாய். அந்த மனிதர் வலக்காதை முதல் கொடுக்கச் சொன்னதையும் எழுதினாய். படத்தைப் பற்றி, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று ஒரு வரி.

அவனா இல்லையா?

ஆடி இருபத்திரண்டாம் திகதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரு வழி. பயண முகவர் கடையில் இருந்த பெட்டை, "திரும்பி வாற திகதி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். விசா இருக்கிறதா என்று கேட்டாள். பிறந்த ஊருக்குப் போக ஜேர்மன் கடவுச்சீட்டோடு விசா எடுக்க வேண்டியிருக்கிறது, பார்.

உன் மாமி


பெலீஸ்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். விரல் ஆறிவிட்டது, தேங்காயெண்ணெய்தான்.

போன சனிக்கிழமை ட்ரக்கில் நானும் பட்டினத்துக்குப் போய் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன் அல்லவா. முழங்காலைப் பற்றியும், உங்கள் பல்கனிச் செடிகளைப் பற்றியும், இங்கத்தைய எறும்புகளைப் பற்றியும் கதைத்தோம். வைத்த பிறகு கொஞ்ச நேரம் கடை வாசலில் நின்றேன். திரும்ப எடுக்க நினைத்தேன். ட்ரக் வந்துவிட்டது.

படத்தில் இருப்பவரைப் பலதரம் பார்த்தேன். நல்ல முகம். யாரோ அவருக்குத் தலை இழுத்துச் சீவி, சட்டைப் பொத்தான் பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மாமி, நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஒரு வழிப் பயணம் வேண்டாம். நான் ஆவணி தொடக்கத்தில் வந்துவிடுவேன். வந்த பிறகு கதைப்போம். அதுவரை டிக்கெட்டைப் பின்போட ஏலாதா?

பீலிக்ஸ் உங்கள் மிளகாய்த்தூளை முடித்துவிட்டார்.

லவினியா


கெல்சென்கிர்ச்சன்
28 ஏப்ரல் 2025

அன்பு லவினியாவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று அறிந்து சந்தோசம். எனக்கு உடம்பு சுகம், மனம் சரியில்லை.

அந்த மனிதருக்கென்று இரண்டு சட்டையும் ஒரு சாரமும் ஒரு மெல்லிய சுவெற்றரும் வாங்கினேன். தம்பியின் அளவு எனக்கு ஞாபகம் இல்லை. மாமாவின் அளவில் வாங்கினேன். அதை வைத்து வீட்டில் சண்டை.

"உன்ர தம்பி எண்டா அந்த ஆள் வாய் திறக்காம இருப்பானே?" என்று மாமா கேட்டார். "எங்கட கலியாண வீட்டில மைக்கைக் குடுத்திட்டு நாங்கள் பட்டபாடு. சாப்பாடு ஆறிப் போச்சு, அவன் விடேல்லை."

"பதினாறு வருசம் ஆஸ்பத்திரியிலும் இல்லத்திலும் கிடந்தா நீங்களும் வாய் மூடுவியள்" என்றேன்.

"நானோ? நான் மூடமாட்டன்" என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து, "பேர்பெச்சுவா, நீ போ. நான் தடுக்கேல்லை. ஆனா அந்தப் பிள்ளை ஏன் வேண்டாம் எண்டுது எண்டு ஒருக்கா யோசி" என்றார்.

நான் யோசித்தேன். நீ காரணம் எழுதவில்லை. நீ காரணமில்லாமல் ஒன்றும் சொல்கிறவள் அல்ல. என் வயதைப் பார்த்துப் பயப்படுகிறாய் என்றால் பயப்படாதே. வேறு ஏதாவது என்றால் எழுது. டிக்கெட்டை நான் மாற்றவில்லை.

இன்னொரு மிளகாய்த்தூள் பார்சல் அனுப்பியிருக்கிறேன். இது உனக்கு. அந்த மனிதர் கண்ணில் காட்டாதே.

உன் மாமி


பெலீஸ்
17 மே 2025

அன்புள்ள மாமிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் மாமாவும் நலமாக, சண்டை பிடிக்காமல் இருக்க வேண்டும்.

மேல் அறையை அளந்து முடித்துவிட்டோம். அதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிக் கிழித்தேன்.

அறைக்குப் போகப் பாறையில் ஒரு ஏணி கட்டியிருக்கிறார்கள். ஏணிக்குக் கீழே சப்பாத்துகளைக் கழற்ற வேண்டும். பீலிக்ஸ் சொன்னதும் நான் சப்பாத்தையும் கழற்றி, காலுறைகளையும் உருவி, மடித்துச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டேன். மடுக் கோயில் வாசலில் கை தானாகச் செய்கிற வேலை. "லவினியா, காலுறையைப் போடு" என்றார் பீலிக்ஸ். வெறுங்காலின் எண்ணெயும் வேர்வையும் அந்தத் தரையில் படிந்த சுண்ணப் படிவைக் கெடுத்துவிடுமாம். காலுறையோடுதான் நடக்க வேண்டும். "எங்கட இடத்தில காலுறையோட போனா மரியாதை இல்லை" என்றேன். "எங்கட இடத்தில அது இல்லாமப் போனா மரியாதை இல்லை. செத்தவை ரெண்டு விதமும் பாத்திருப்பினம், கோவிக்கமாட்டினம், ஆனா தொல்பொருள் திணைக்களம் கோவிக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஈரக் காலுறையைத் திரும்பப் போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

ஏணியில் ஏறுமுன் பீலிக்ஸ் ஒன்று சொன்னார். இது சட்டமில்லை, தன் முன்னோரின் வழக்கமும் இல்லை, தன்னுடைய பழக்கம் மட்டுமே என்றார். இறந்தவர்கள் இருக்கிற அறைக்குள் அந்நியர்களாய்ப் போகக் கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் இறந்துபோன தங்கள் ஆள் ஒருவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஏற வேண்டும். "ஆர், எப்பிடி எண்டு நான் கேக்கமாட்டன். என்னட்டையும் கேக்காதேங்கோ." அவர் ஒரு பெயரைச் சொன்னார். லாரா தன் தாத்தாவைச் சொன்னாள். நடாலி தன்னோடு படித்த ஒரு பிள்ளையைச் சொன்னாள்.

நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஏணியில் ஒரு கால் வைத்தேன். பிறகு காலை எடுத்தேன். பீலிக்ஸ் விளக்கை என் முகத்தில் அடிக்காமல் தரையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் இரண்டு பெயர் சொன்னேன், மாமி.

மேலே அறையின் கடைசியில் ஒருவர் கிடக்கிறார். எலும்புகளின் மேல் சுண்ணம் படிந்து, விளக்கு வெளிச்சத்தில் சீனி தூவியது போல மினுங்குகிறது. இவரை யாராவது படுக்க வைத்தார்களா, அல்லது விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்களா என்று நடாலி கேட்டாள். ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள் என்றார் பீலிக்ஸ். நான் அந்தக் கையைப் பார்த்தேன். படுக்க வைத்தவரின் கை எப்படி இருக்கும், விழுந்தவரின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கருவியை நிலைநிறுத்தி அளக்கத் தொடங்கினேன்.

இனி மழை. ஆறு ஏறிவிடும், குகையை மூடிவிடுவார்கள். பட்டினத்தில் ஒரு வீட்டில் இருந்து வரைபடம் செய்வோம். புது முகவரி உறையில் இருக்கிறது.

உங்கள் பிள்ளை
லவினியா


கெல்சென்கிர்ச்சன்
10 ஜூன் 2025

என் பிள்ளைக்கு,

உன் கடிதம் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. உடனே எழுத ஏலவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். ஒருநாள் முழுக்கக் கிழங்கை உரித்து, உப்புப் போடாமல் அவித்து அனுப்பினேன். சாப்பிட்ட கிழவர்கள் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

மாமாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை. உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைக்குப் போய் எனக்குப் பிடிக்கும் என்று பூசணி விதைப் பாண் வாங்கி வந்தார்.

உன்னை ஒன்றும் விசாரிக்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுத ஏலாவிட்டால் விடு.

அவனை ஆர் படுக்க வைத்தது?

மாமி


பெலீஸ்
26 ஜூன் 2025

அன்புள்ள மாமிக்கு,

நான்தான்.

மாத்தளனுக்குப் போகிற வழியில், சித்திரை மாதம், பகலில். பக்கத்துப் பதுங்குகுழியில் ஒரு வயதான புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர்களும் உதவினார்கள். அப்பாவுக்கு நோகவில்லை, மாமி. அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, ஆனால் நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எழும்பியவர், எங்கிருந்தோ வந்த குண்டு பட்டு அப்படியே விழுந்தார்.

அந்த நாட்களில் எல்லாரும் சேலைகளை வெட்டிப் பையாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கியிருந்தோம். எங்களுடையதில் அம்மாவின் கூறைச் சேலையும் இருந்தது. நான் அந்தப் பையை அவிழ்த்து மண்ணைக் கொட்டினேன். அவரை நேராகப் படுக்க வைத்து, கைகளை நெஞ்சில் சேர்த்து வைத்து, அந்தச் சேலையால் மூடினேன். அந்த ஐயா புதைக்கக் கிடங்கு வெட்டினார். அந்த அம்மா சைவக்காரி. "உங்கட செபம் எனக்குத் தெரியாது பிள்ளை, நீ சொல்லு" என்றார். அருள்நிறை மந்திரம் பாதிதான் வந்தது. அந்தப் பாதியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு அவர்களோடு நடந்தேன். வழியில் அவர்களையும் தவறவிட்டேன்.

அகதி முகாமில் அப்பா எங்கே என்று கேட்டார்கள். எனக்குக் குரல் வரவில்லை. காணாமல் போனவர் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து, "அழாத, அப்பா பின்னால வருவார்" என்றீர்கள். உங்களைப் பார்த்தேன். அப்பாவின் முகம் அப்படியே உங்களில் இருந்தது. நான் தலையாட்டினேன். அடுத்த மாதப் பூசையில் அவருடைய பெயரை நலனுக்காக வாசித்தார்கள். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். சந்தோசமாக இருந்தீர்கள்.

வவுனியாவில் இருப்பவர் அப்பா இல்லை, மாமி. எந்த இல்லத்திலும் அவர் இல்லை.

இதை வாசிக்கும்போது மாமா வீட்டில் இருக்கட்டும்.

லவினியா


கெல்சென்கிர்ச்சன்
14 ஜூலை 2025

என் செல்ல மகளுக்கு,

மாமி எழுதுகிறேன். உனக்கு உடம்பு எப்படி? சாப்பிடுகிறாயா? நீ புறப்பட முன்பு இது வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நீ சொன்னபடி மாமா வீட்டில் இருக்கும்போதுதான் வாசித்தேன். வாய்விட்டு வாசித்தேன், முடிவுவரை. கூறைச் சேலை என்ற இடத்தில் அவர் எழும்பிப் பல்கனிக்குப் போனார். நான் அங்கே போய் நின்று மிச்சத்தை வாசித்தேன். அந்தச் சேலையை இங்கிருந்து வாங்கி அனுப்பியது நாங்கள் இரண்டு பேரும்தான். அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அழுதேன். பொய் சொல்லமாட்டேன், மூன்று நாள் அழுதேன். இப்போது சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். உன்னில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பதினொரு வயதில் என் தம்பிக்கு நான் செய்ய வேண்டியதை நீ செய்திருக்கிறாய். பிறகு இத்தனை வருடமும் என்னையும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய். இனி இறக்கிவிடு. முழங்கால் மோசமென்றாலும் நான் நடப்பேன்.

டிக்கெட்டை மாற்றினேன். போக வர, மூன்று கிழமை. வாங்கிய உடுப்புகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வவுனியாவுக்குக் கொண்டுபோகிறேன். அந்த ஆளும் ஆரோ ஒரு பெண்ணின் தம்பி. அவளுக்கு இன்னும் ஒரு கடிதமும் போகவில்லை. சட்டை பெரிதாக இருந்தால் அங்கேயே தைப்பித்துக் கொடுக்கிறேன். மாத்தளன் பக்கம் இந்தமுறை போகமாட்டேன். அது நீ வந்து, நீ கூட்டிக்கொண்டு போனால் மட்டும்.

நேற்று மாதப் பூசை. வெள்ளிக்கிழமையே பெயர்களை எழுதிக் கொடுத்திருந்தேன். பூசைக்கு முன்பு சுபானி ஓடிவந்தாள், கையில் பட்டியல். "அன்ரி, சில்வெஸ்டர் அங்கிளின்ர பேரை மாறி எழுதிப்போட்டியள் போல. இளைப்பாற்றிக்குக் கீழ கிடக்கு. மேல மாத்தி வாசிக்கட்டோ?"

"இல்லை பிள்ளை. சரியாத்தான் எழுதினனான்" என்றேன். அவள் பட்டியலை மடித்தாள். பிறகு என் கையை ஒருக்கால் தொட்டுவிட்டுப் போனாள்.

நலனுக்கான பெயர்களை வாசித்தாள். அதில் உன் பெயர் இருந்தது, மாமாவின் பெயர் இருந்தது. பிறகு மற்றதைத் தொடங்கினாள். உன் அம்மாவின் பெயருக்கு அடுத்ததாக அவனுடைய பெயரை வாசித்தாள். நான் முன்வரிசையில் இருந்து தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை பேரும் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள், பிறகு வாசலில் நிற்கவைத்துக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பதினாறு வருடம் அவர்கள் முன்னால்தான் அவனுடைய நலனுக்காக மன்றாடியிருக்கிறேன்.

ஒருவரும் திரும்பவில்லை, பிள்ளை. "அவருடைய ஆன்மா சாந்தியடைவதாக" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். மாமாவும் சொன்னார், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். பூசை முடிந்து வெளியே வர, எங்கள் மன்னார்ப் பெண்கள் நாலைந்து பேர் ஒன்றும் கேட்காமல் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி என் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டாள், ஆடி மாத வெயிலில். அவர்கள் எல்லாருக்கும் எப்பவோ தெரிந்திருக்கிறது. நான் வந்து சேரும்வரை பொறுத்திருக்கிறார்கள்.

உன் மாமி
பேர்பெச்சுவா